லானுக்கு மாசாமாசம் மருந்து: இந்தக் கூத்தை நிறுத்துங்கப்பா!

டிஸ்கி: இது புல்லைப் பத்தின பதிவு. சினிமா, அரசியல்னு எதிர்பார்த்து வந்தவங்க தாராளமா அடுத்த பதிவுக்குத் தாவலாம். ஆனா உங்க வீட்டுப் பொடிசு அபார்ட்மெண்ட் புல்தரையில உருண்டு விளையாடுற வயசுன்னா, கடைசி வரைக்கும் படிச்சிட்டுப் போங்க. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம்.

ஓசூர்ல கார்த்திகை பொறந்தா ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, விடிகாலைல பெங்களூரு பக்கம் பொட்டி தட்டக் கிளம்புற கூட்டம் ஸ்வெட்டர் மாட்டிக்கும். ரெண்டாவது, கேட்டட் கம்யூனிட்டி, கம்பெனி வளாகம்னு எங்கெல்லாம் லான் இருக்கோ அங்கெல்லாம் முதுகுல டேங்க் மாட்டின ஒரு அண்ணன் வந்து வெள்ளையா எதையோ தெளிச்சிட்டுப் போவார். "என்னண்ணே இது?"ன்னா "ஃபங்கஸ் மருந்து சார்" என்பார். "எந்த ஃபங்கஸ்?"னா சிரிப்பார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மருந்து வாங்கிக் கொடுத்த கான்ட்ராக்டருக்கும் அது தெரியாது. பில் பாஸ் பண்ற அசோசியேஷன் செகரட்டரிக்கு? சுத்தம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஓசூர் குளிர்ல புல்லுக்கு வர்ற பூஞ்சை நோய், மருந்து அடிக்காததால வர்றதில்லை. தப்பான நேரத்துல விடுற தண்ணியாலயும், வெயிலே படாத இடத்துல புல் பதிக்கிறதாலயும் வருது. அந்த ரெண்டையும் தொடாம மாசாமாசம் மருந்து அடிக்கிறது, குழாயைத் திறந்து விட்டுட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. அதோட நின்னா காசுதான் தண்டம்னு விட்டுடலாம். ஆனா துடைக்கிற துணியில விஷம் இருக்கே!

பனிப்பொழிவுக்கு மருந்து, ஓசூர்ல!

ஒரு கான்ட்ராக்டர் கொடுத்த வருஷாந்திர பராமரிப்பு அட்டவணையைப் பார்க்குற பாக்கியம் கிடைச்சுது (பேரு வேண்டாம், பொழைச்சிப் போகட்டும்). நவம்பர் கட்டத்துல என்ன எழுதியிருக்குங்கிறீங்க? "ஸ்னோ மோல்டு தடுப்பு". அட ராமா! தளி ரோட்டுல எந்த வருஷம் ஸ்னோ விழுந்துச்சு?

ஸ்னோ மோல்டுங்கிறது ரெண்டு வகை. சாம்பல் நிறத்துல வர்றது டைபுலாங்கிற பூஞ்சை. அதுக்கு வாரக்கணக்குல, மாசக்கணக்குல புல் மேல உறைபனி மூடிக் கிடக்கணும். இன்னொண்ணு மைக்ரோடோகியம், இளஞ்சிவப்பா இருக்கும். இதுக்கு உறைபனி கட்டாயமில்லை. இங்கிலாந்து மாதிரி குளிரும் ஈரமுமான ஊர்ல, அந்த ஊர்க் குளிர்ப் புல் வகைகள்ல வரும். நம்மூர்ல டிசம்பர், ஜனவரி ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கும், பகல்ல 27 பக்கம் ஏறும். நாம பதிக்கிறதோ மெக்சிகன், கொரியன், பெர்முடான்னு வெயில் தேசத்துப் புல். வெள்ளைக்காரன் காலத்துல ஓசூரை "குட்டி இங்கிலாந்து"ன்னு சொன்னதா ஒரு பெருமை உண்டு. அதுக்காக இங்கிலாந்துப் பூஞ்சையும் டிக்கெட் வாங்கிட்டு இங்க வராதுங்க.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்திருக்கும்? ஏதோ ஒரு குளிர்நாட்டு வெப்சைட்டுல இருந்துதான். நம்ம ஆபீஸ்லயும் இது நடக்கும். யாரோ ஒருத்தர் வேற ப்ராஜெக்டுக்கு எழுதின கான்ஃபிக் ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டுட்டு, "ஓடுதுல்ல, விடு"ன்னு சொல்லுவார். ஆனா சர்வர்ல பசங்க விளையாட மாட்டாங்க.

அப்ப நம்மூர்ல நோயே வர்றதில்லையா?

வருது. நல்லாவே வருது. ஒண்ணு இல்ல, பலது. தொல்லையே அங்கதான்.

1) டாலர் ஸ்பாட். பழைய அமெரிக்க வெள்ளி டாலர் சைஸுல வைக்கோல் நிறத்துல பொட்டு பொட்டா காயும். விடிகாலைல பனியோட பார்த்தா சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருக்கும் (நிஜ சிலந்தி வலையைப் பார்த்துட்டு ஃபங்கஸ்னு அலர்றவங்களும் உண்டு!). இந்தப் பூஞ்சைக்கு 1937ல வச்ச பேரே ரொம்ப நாள் ஓடிச்சு. 2018லதான் கிளாரீடியாங்கிற தனிப் பேரினமா மாத்தினாங்க. இதுக்குப் பிடிச்சது மிதமான குளிர், இலை மேல பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல தங்குற ஈரம், அப்புறம் பட்டினி கிடக்கிற புல். அதாவது தழைச்சத்துக் குறைஞ்ச புல்.

2) ரைசோக்டோனியா. இது பெரிய வட்டம். அடிக்கணக்குல அகலம், ஓரத்துல ஆரஞ்சு நிறம். கொரியன் புல் இருக்கிற ஜோய்சியா குடும்பம்னா இதுக்கு ரொம்ப இஷ்டம். ஓரத்துல இருக்கிற புல்லைப் பிடிச்சு இழுத்தா அடி அழுகி சுலபமா கையோட வரும். குளிர ஆரம்பிக்கும்போதும் குளிர் விடும்போதும் வரும். இதுக்குப் பிடிச்சது, தின்னு கொழுத்த புல். அந்த நேரத்துல யூரியாவை அள்ளிக் கொட்டினா இதுக்கு விருந்து.

3) துரு நோய். நிழல்லயும் சத்துக் குறைஞ்ச இடத்துலயும் வரும். வெள்ளை ஷூ போட்டு நடந்தா ஆரஞ்சுப் பொடி ஒட்டும். பார்க்க பயங்கரமா இருக்கும், பெரும்பாலும் புல்லைக் கொல்லாது.

4) பித்தியம். இது உண்மையில பூஞ்சையே இல்ல, பாசி வகைகளுக்குச் சொந்தக்காரன். சூடும் ஈரமும் சேர்ந்தா குதிக்கும்.

ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கிற வில்லங்கத்தைக் கவனிச்சீங்களா? ஒரே யூரியா, ஒரு நோய்க்கு மருந்து, இன்னொரு நோய்க்குத் தீனி. அப்ப என்ன நோய்னு பார்க்காம எதையும் செய்யவே முடியாது, இல்லையா? ஆனா நம்ம ஆளுங்க பார்க்கிறதில்ல. எல்லாத்துக்கும் ஒரே பொடி, கார்பென்டசிம் 12 சதவீதமும் மேன்கோசெப் 63 சதவீதமும் கலந்தது. தலைவலி, கால்வலி, கடன்வலி எல்லாத்துக்கும் ஒரே தைலம் விக்கிற சந்தை வைத்தியர் மாதிரி.

இதுல கார்பென்டசிம் பித்தியம் மேல வேலையே செய்யாது. டாலர் ஸ்பாட் கதை அதை விட சோகம். அமெரிக்காவுல பெனோமில்னு ஒரு மருந்தை லானுக்கு அடிச்சுத் தள்ளினாங்க. பெனோமில் தண்ணியில கரைஞ்சா கார்பென்டசிமாத்தான் மாறும். 1970கள்லயே அந்த மருந்துக்கு அசராத டாலர் ஸ்பாட் வந்தாச்சு. அம்பது வருஷப் பழைய பாடம்! இதுல மண்புழுவுக்கும் கார்பென்டசிம் ஆகாது. செத்த தண்டு, வேர் எல்லாம் பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல மெத்தை மாதிரி சேரும். அதைத் தின்னு மண்ணாக்குறது மண்புழுதான். புழுவைக் கொன்னா மெத்தை தடிக்கும், மெத்தை தடிச்சா ஈரம் தங்கும், ஈரம் தங்கினா பூஞ்சை வரும். உடனே கான்ட்ராக்டர் அடுத்த பில்லோட வருவார். நல்ல பிசினஸ் மாடல்!

தண்ணிக் கணக்கு

பூஞ்சை இலைக்குள்ள நுழைய இலை ஈரமா இருக்கணும். ராத்திரி பதினோரு மணிக்குப் பனி இறங்குது, காலைல எட்டரைக்கு வெயில்ல காயுதுன்னு வச்சுக்குவோம். ஒன்பதரை மணி நேர ஈரம், இது இயற்கை கொடுக்கிறது. இப்ப நம்ம ஆளு சாயங்காலம் ஆறரைக்கு ஸ்பிரிங்க்லரைத் திறக்கிறார். ஈரம் பதினாலு மணி நேரம். பூஞ்சைக்குப் பத்திரிகை அடிச்சு, வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறோம்.

ஏன் சாயங்காலம்? பல இடத்துல காரணம் ஒண்ணுதான். கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி ரொம்பிடும், அதைக் காலி பண்ணணும். புல்லுக்குத் தாகம் எடுக்குதான்னு பார்த்து விடுற தண்ணி இல்ல அது. அந்தத் தண்ணியிலயே கொஞ்சம் தழைச்சத்தும் இருக்கும். மேல யூரியா வேற. இதே தண்ணியைக் காலைல ஐந்தரைக்கு விடுங்களேன். இலை எப்படியும் பனியில நனைஞ்சுதான் இருக்கு, கூடுதலா ஈர நேரம் ஏறாது. மேல இருக்கிற பனித்துளியும் கழுவிப் போகும். அந்தத் துளி வெறும் தண்ணி இல்ல. புல்லே நுனி வழியா கசிய விடுற சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்த சாறு, பூஞ்சைக்கு அது பாயசம். டைமரை மாத்த என்ன செலவு? ஸ்க்ரூ டிரைவர் கூட வேண்டாம்.

நிழல் கணக்கு

இதைச் சொன்னா பில்டர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஓசூர் இருக்கிறது சுமார் 12.7 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 வாக்குல நடுமதியத்துல சூரியன் தெற்கே சாஞ்சு, கிடைமட்டத்துல இருந்து 54 டிகிரி உயரத்துலதான் நிக்கும். 30 மீட்டர் உயரக் கட்டிடம்னா வடக்குப் பக்கம் 22 மீட்டருக்கு நிழல், அதுவும் உச்சி வெயில் நேரத்துல! ஜூன்ல சூரியன் நமக்கு வடக்கே போயிடும், அதே இடம் வெயில்ல பளபளக்கும். அப்பதான் லான் போட்டு, போட்டோ எடுத்து, விளம்பரத்துல போடுறது. டிசம்பர்ல புல் அழுகுது. "ஃபங்கஸ் அட்டாக்"ங்கிறாங்க. அட்டாக் பண்ணினது உங்க பிளாக் "பி" சார்! வெயில் தேசத்துப் புல்லை நிழல்ல நட்டுட்டு மருந்து அடிச்சா எப்படித் தேறும்? அந்த இடத்துல நிழல் தாங்குற செடி வைங்க. இல்ல கல்லு பாவிட்டு பெஞ்சு போடுங்க, பெருசுங்க உக்காந்து பேசட்டும்.

பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கே

எனக்கு எரிச்சல் வர்றதே இங்கதான். குளிர்காலப் பூஞ்சையைப் பத்தி தமிழ்நாட்டுல யாருக்காவது தெரியும்னா அது ஓசூர்க்காரங்களுக்குத்தான். பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம்னு சுத்தி எல்லாப் பக்கமும் ரோஜா. அமுதகொண்டபள்ளியில டிட்கோ கூட்டுல வந்த டான்ஃப்ளோரா பூங்கா இருக்கு. பிப்ரவரி 14 வியாபாரத்துக்கு டிசம்பர், ஜனவரியில செடியைத் தயார் பண்ணணும். அடிச்சாம்பல் நோயும் சாம்பல் பூசணமும் வர்றது சரியா அந்த நேரத்துலதான். இலையில புள்ளி விழுந்தா பூ ஏற்றுமதிக்குப் போகாது, வருஷ சம்பாத்தியம் போச்சு.

அவங்க என்ன செய்யறாங்க? பசுமைக்குடில்ல பக்கவாட்டுத் திரையை நேரத்துக்குத் திறந்து மூடி, உள்ள தேங்குற ஈரக் காத்தை வெளிய விடுறாங்க. இலை மேல தண்ணி படாம சொட்டு நீர்ல வேருக்குக் கொடுக்கிறாங்க. நோய் பட்ட இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துறாங்க. மருந்தும் அடிக்கிறாங்க, கம்மியா இல்ல, நிறையவே. நான் அதை மறைக்கல. ஆனா அது அவங்க சோறு. எதுக்கு அடிக்கிறோம்னு தெரிஞ்சு அடிக்கிறாங்க. மருந்தை மாத்தி மாத்தி அடிக்கணும், இல்லேன்னா பூஞ்சை பழகிடும்னு அவங்களுக்குத் தெரியும். ராகி விவசாயியைக் கேளுங்க, தழைச்சத்து ஓவரானா குலை நோய் வரும்னு சொல்லுவார். அந்தக் குலை நோய்ப் பூஞ்சையோட பங்காளிதான் லான்ல எருமைப் புல்லுங்கிற வகையில சாம்பல் புள்ளியா வர்றது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனுஷனுக்குத் தெரிஞ்சதை விட்டுட்டு, பனி விழுற ஊர் அட்டவணையை நம்புறோம்.

சரி, வெளிநாட்டுக்காரனைத்தான் நம்புவேங்கிறீங்களா? அவனே மாறிட்டான். 2018ல வெளியான ஸ்மித்-கெர்ன்ஸ் மாடல்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு நாள் சராசரி காத்து ஈரப்பதம், சராசரி வெப்பநிலை, ரெண்டே இன்புட். ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன், டாலர் ஸ்பாட் வர வாய்ப்பு எத்தனை சதவீதம்னு சொல்லும். பொதுவா 20 சதவீதம் தாண்டினாதான் மருந்தைப் பத்தியே யோசிப்பாங்க. அது அவங்க ஊர்ப் புல்லுக்குத் தயாரிச்சது, எண்ணை அப்படியே இங்க எடுத்துப் போட முடியாதுதான். ஆனா காலண்டரைப் பார்த்து அடிக்காதே, வானத்தைப் பார்த்து அடிங்கிற புத்தி இங்கயும் செல்லும்.

யார் தலையில விடியுது?

2020 டிசம்பர்ல ஐரோப்பிய ஒன்றியம் மேன்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துடுச்சு. காரணம், இனப்பெருக்கத்துக்கும் ஹார்மோனுக்கும் கேடு. குளோரோதலோனிலுக்கு 2019லயே அதே கதி. 2020 மே மாசம் நம்ம மத்திய அரசும் 27 பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை போட்டுது. அதுல மேன்கோசெப்பும் இருந்துது, கார்பென்டசிமும் இருந்துது. அந்த வரைவு அப்படியே சட்டமாகல. அந்த ரெண்டும் கடையில கிடைக்குது, சட்டப்படியே கிடைக்குது. பயிருக்கு அடிக்கிற விவசாயிக்கு ஒரு நியாயம் இருக்கு. வெறும் அழகுக்கு வளர்க்கிற புல்லுக்கு என்ன நியாயம்?

"பச்சை முக்கோணம் போட்ட டப்பா சார், ஒண்ணும் ஆகாது"ம்பாங்க. அந்த முக்கோணம் சொல்றது, ஒரே தடவையில வாய் வழியாவோ தோல் வழியாவோ உள்ள போனா எவ்வளவு மோசம்ங்கிறதை மட்டும்தான். வருஷக்கணக்கா தினமும் மூக்குல ஏறினா என்னங்கிறதை அது சொல்லாது.

மொதல்ல அடிபடுறது தெளிக்கிற அண்ணன். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதோட 1971 விதிகள்ல பாதுகாப்பு உடை, மூச்சுக் கவசம் பத்தியெல்லாம் தெளிவா எழுதி வச்சிருக்கு. நான் பார்த்த வரைக்கும் அவருக்கு இருக்கிற கவசம், தோள்ல கிடக்கிற துண்டு. கால்ல ரப்பர் செருப்பு. அடுத்து அடிபடுறது, மறுநாள் காலைல அதே புல்லுல குட்டிக்கரணம் போடுற பொடிசுங்க. ஒரு நோட்டீஸ் உண்டா? லிஃப்டுல "யோகா கிளாஸ் ஞாயிறு"ன்னு ஒட்டத் தெரியுது, "இன்னிக்கு மருந்து அடிச்சிருக்கு, புல்லுல இறங்காதீங்க"ன்னு ஒட்டத் தெரியல.

வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

"கோல்ஃப் மைதானத்துல அடிக்கிறாங்களே?" அடிக்கிறாங்க. அங்க கிரீன்ங்கிற இடத்துல புல்லை மூணு நாலு மில்லிமீட்டர் உயரத்துக்கு வழிச்சு வச்சிருப்பாங்க. அந்தப் புல் எப்பவும் உயிருக்குப் போராடிட்டே இருக்கும். அதைக் கவனிக்கவே படிச்ச ஆள் ஒருத்தர் சம்பளத்துக்கு இருப்பார். உங்க பிளாக் "ஏ" முன்னாடி யாரும் பந்தை உருட்டப் போறதில்லை.

"மருந்து அடிச்சப்புறம் சரியாச்சே?" தை கழிஞ்சு வெயில் ஏறினா அடிக்காட்டியும் சரியாகும். சரி பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு பாதிக்கு அடிங்க, ஒரு பாதியை விடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வித்தியாசத்தைக் காட்டுங்க. எந்தக் கான்ட்ராக்டராவது ஒத்துக்குறாரா பார்ப்போம்.

"பொட்டி தட்டுறவனுக்குப் புல்லைப் பத்தி என்ன?" மெயின்டனன்ஸ் பணம் கட்டுறவன் கேக்குறேன். அது போதாதா?

சரி, என்னதான் பண்ணச் சொல்றே?

- தண்ணி விடிகாலைல மட்டும். தினமும் வேண்டாம். விடுற அன்னிக்கு ஆழமா விடுங்க.
- பனி அதிகமா இருந்தா காலைல ஒரு நீள ஹோஸை ரெண்டு பக்கமும் பிடிச்சு புல் மேல இழுத்துட்டுப் போங்க. பனி உதிரும், இலை சீக்கிரம் காயும்.
- ஈரப் புல்லை வெட்டாதீங்க. ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. பிளேடைத் தீட்டுங்க. நோய் இருக்கிற இடத்தைக் கடைசியா வெட்டி மெஷினைக் கழுவுங்க.
- மெத்தை தடிச்சிருந்தா குத்துக் கருவியால ஓட்டை போட்டு மணல் தூவுங்க.
- என்ன நோய்னு பார்க்காம யூரியாவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். வட்டம் சின்னதா பெருசா, புல் அடியில அழுகியிருக்கா, கார்ப்பெட் மாதிரி உரிஞ்சு வருதா? உரிஞ்சு வந்தா அது பூஞ்சையே இல்ல, கீழ வேர் தின்னுற வெள்ளைப் புழு. சுத்தி கரும்பச்சை வளையமா? அது நாலாவது மாடி நாய்க்குட்டி.
- அப்பவும் தெரியலன்னா ஓரத்துப் புல்லை மண்ணோட வெட்டி எடுத்துட்டு, பயிர் நோய் படிச்சவங்ககிட்ட போங்க. இந்தப் பக்கம் பையூர்ல வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், அந்தப் பக்கம் பெங்களூர் ஜி.கே.வி.கே. போய்க் கேளுங்க.
- இவ்வளவுக்கும் அப்புறம் மருந்துதான் வழின்னா, லேபிளைப் படிச்சு, நோய் பட்ட இடத்துக்கு மட்டும், கையுறை, முகமூடியோட, முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டிட்டு அடிங்க.

இன்னொண்ணு. காசு கொடுத்து வாங்குற உசத்தியான பெர்முடா ரகங்கள் பலதும் நம்ம அருகம்புல்லையும் ஒரு ஆப்பிரிக்கப் புல்லையும் ஒட்டுச் சேர்த்து வந்தது. அதாவது, வரப்புல சும்மா கிடக்கிற அருகம்புல்லோட பேரப்புள்ளையை லோடு வண்டியில வரவழைச்சு, ராத்திரியெல்லாம் நனைச்சு, மருந்தும் ஊட்டுறோம். புளூரைடு இல்லாத குடிதண்ணிக்காக ஒகேனக்கல்ல இருந்து குழாய் போட்டுக் கொண்டு வர வேண்டியிருந்த மாவட்டம் இது. கொஞ்சம் வெட்கம் வேணாமா?

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்குல மூணே கேள்வி கேளுங்க. என்ன நோய்? என்ன மருந்து? ஸ்பிரிங்க்லர் எத்தனை மணிக்கு ஓடுது? மூணாவதுக்கு "சாயங்காலம்"னு பதில் வந்தா, முதல் ரெண்டு கேள்விக்கும் பதிலே தேவையில்லை. பில்லை நிறுத்துங்க, டைமரை மாத்துங்க.